தொட்டியின் மேல் பலகை

அன்புள்ள மகன் உருண்டைக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அவளும் முப்பத்தொரு ஆடுகளும் சுகம், உன் அம்மாவுக்கும் உடம்பு சுகம்தான், உடம்பைத் தவிர மற்றதைக் கீழே சொல்கிறேன். அங்கே நீயும் மருமகளும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிறவன் காதை மூடிக்கொண்டு போகிறாயா, அதை எழுது. மாதக் கடைசியில் இருபது நாள் லீவு போட்டுக்கொண்டு மூன்று பேரும் வருவதாகச் சொன்னாயாம். அம்மா தினமும் உருண்டை எங்கே உருண்டை எங்கே என்று கேட்டு அழுகிறாள் என்று உன் தங்கை போனில் உளறிவிட்டாள், நீயும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதாயாம். நீ அவளைப் பார்க்க வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும் என்றுதான் இவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவேன். பேரன் மடியில் இருந்தால் இறக்கிவிட்டுப் படி. அவள் கூப்பிடுகிற உருண்டை நீ இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை எழுதியதும் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு, என்னப்பா சொல்றீங்க என்று என் முகத்தைப் பார்க்கிறாள். நீ எழுது, எழுத எழுதத் தெரியும் என்றேன். எதையும் அதனதன் வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும், அதனால் பண்ணை சமாச்சாரத்தில் இருந்து வருகிறேன். மழை இந்த வருடம் வர வேண்டிய நேரத்தில் வராமல் கிழங்கு தோண்டுகிற நேரத்தில் வந்து தொலைத்தது, கீழ் வயலில் பாதி உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது, கையை விட்டால் விரலிடுக்கில் கூழாக வழிகிறது, ஒரு வாரம் அந்த நாற்றம் நகத்தை விட்டுப் போகவில்லை. பம்பு ரிப்பேர்க்காரர் வீட்டு நாய் ஏழு கோழியைக் கடித்துப் போட்டது, தின்னவும் இல்லை, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் வந்து, சின்ன நாய்ங்க, விளையாட்டுக்குச் செஞ்சிடுச்சு என்றார். சரிங்க, என் கோழியும் விளையாட்டுக்குத்தான் செத்துப்போச்சு என்றேன். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை, பம்பும் ஓடவில்லை. நீ போன தடவை வந்தபோது கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாயே வெள்ளை நெற்றிப் பசு, அது மடி வற்றிப்போய் ஒன்பது மாதமாகச் சும்மா தின்றுகொண்டு நின்றது, லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு ஏற மாட்டேன் என்றது, வாலை முறுக்கி ஏற்றினேன். ஏறின பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. உன் தங்கை வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்த்தால் என்ன, பதினான்கு வருடமாகப் பார்த்த முகம்தானே.

இப்போது ஆடு ஈனுகிற காலம். காதறுந்தவளுக்கு இந்தத் தடவை குட்டி செத்துப் பிறந்தது. அது யார் வயிற்றில் வந்த ஆடு என்று உனக்கு மறந்திருக்கும், நீ சின்னப் பள்ளிக்கூடம் போன வருடம் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டதே கோணக்கால் ஆடு, அதன் பேத்தியின் பேத்தி இவள். அதே நாள் காலையில் இன்னொரு ஆடு மூன்று குட்டி போட்டது. மூன்றுக்கு அதன் மடியில் பால் இல்லை. என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும், பத்து வயதில் நீயே எனக்குக் காலைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். செத்த குட்டியின் தோலை உரித்து, நாலு கால் நுழைய ஓட்டை விட்டு, மிஞ்சின குட்டிக்குச் சட்டை போடுவது போலப் போட்டு, செத்ததன் தாயிடம் விட வேண்டும். தாய் மோந்து பார்க்கும், தன் குட்டியின் வாசனை அடிக்கும், காலை அகட்டி மடி கொடுக்கும். மூன்று நாள் போதும். அதன் பால் குட்டியின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்ததும் குட்டிக்கே அந்த வாசனை வந்துவிடும், தோலைக் கழற்றிக் குப்பையில் போடலாம். இத்தனை வருடத்தில் எனக்கு இது ஐந்தாறு தடவைதான் தவறியிருக்கிறது. இந்தத் தடவை என் கை நடுங்கியதால் உரித்ததை உன் தங்கையிடம் கொடுத்து, குட்டிக்குப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு மற்ற ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். இவளைப் பற்றி உனக்குத் தெரியும், பட்டணத்துச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள், அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ரத்தமாக இருக்கிறதே, பச்சைக் குட்டிக்கு எப்படிப் போடுவது என்று தோலை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, பிழிந்து, வாசனையாகப் போட்டுவிட்டாள். காதறுந்தவள் ஒரு தடவை மோந்தாள், இரண்டாவது தடவை மோந்தாள், பின்னால் நகர்ந்து ஒரே முட்டு. குட்டி சுவரில் போய் அடித்து விழுந்தது. நான் ஓடி வருவதற்குள் இன்னும் இரண்டு முட்டு. விலா உடைந்து மூக்கில் ரத்தம். மூச்சு இருந்தது, இருந்து என்ன செய்ய, கழுத்தைத் திருகி முடித்தேன். சுத்தமா இருந்தா நல்லதுதானேப்பா என்று இவள் நின்று அழுகிறாள். சுத்தமாத்தான் கொன்ன, போ என்றேன். எழுது, அதையும் எழுது, விடாதே. எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன், ஒரு வார்த்தை குறைந்தாலும் எனக்குத் தெரியும். எழுதத் தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவான், எனக்கு அந்த வசதி இல்லை.

இனி உன் அம்மா. போன மாதம் உன் தங்கை, உள் அறையில் இருக்கிற தகரப் பெட்டியில் பூச்சி வந்திருக்கிறது என்று அதைத் திறந்திருக்கிறாள். அடியில் ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டை, ஒரு பொத்தான் இல்லாதது, ஒரு வயதுப் பிள்ளைக்குப் போடுகிற அளவு. உன் சட்டைதான் என்று நினைத்து, அண்ணன் வரும்போது காட்டலாம் என்று துவைத்துக் கொடியில் போட்டாள். உன் அம்மா அதுவரை மறதிக்காரியாக இருந்தாளே தவிரச் சத்தம் போடுகிறவளாக இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பாள், சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு கேட்பாள், அவ்வளவுதான். அன்றைக்குப் பின்வாசலுக்கு வந்தவள் கொடியைப் பார்த்தாள். சட்டையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. புள்ளை எங்கே, சட்டை நனைஞ்சிருக்கு, புள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டே வெறுங்காலோடு ஓடினாள். எங்கே ஓடினாள் தெரியுமா, ஆடுகளுக்கு உண்ணி மருந்து கலந்து முக்கி எடுக்கிற தொட்டிக்கு. அன்றில் இருந்து தினமும் போகிறாள். குனிந்து பார்க்கிறாள், மேலே மூடியிருக்கிற பலகையைத் தட்டிப் பார்க்கிறாள், உருண்டை உருண்டை என்று கூப்பிடுகிறாள். அம்மா அண்ணனைத்தான் தேடுகிறாள் என்று இவள் உன் கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினாள், இதோ உங்க உருண்டை, இப்ப வரப் போறான்மா என்றாள். உன் அம்மா போட்டோவை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இது என்னோடது இல்லை, யாரோடதோ, தூக்கிட்டுப் போ என்றாள். இவள் அதை உன்னிடம் சொல்லவில்லை, புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், இதே வாயில் இருந்து, முப்பத்தாறு வருடம் முன்னால், ஒரு எழுத்து மாறாமல்.

எங்களுக்கு முதல் பிள்ளை நீ இல்லை. கொழுகொழு என்று ஒருவன் இருந்தான், தரையில் விட்டால் நடப்பதா உருள்வதா என்று தெரியாது, அதனால் உருண்டை. ஒல்லிக்குச்சி மாதிரி இருந்துகொண்டு உருண்டை என்று எப்படிப் பேர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று நீ ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாய், நீ தின்ற கிழங்கைச் சொல்கிறார்கள் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அது அவன் பேர். உன் பிறந்த நாள் என்று நாம் வைத்திருப்பதும் அவனுடையதுதான். நீ ஐந்து மாதம் இளையவன், இந்தக் கடிதத்தில் உனக்கு லாபம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம் இருக்கும்போது, கம்பளி வெட்டி முடித்து ஆடுகளை மருந்தில் முக்கிக்கொண்டிருந்தோம். நாற்பத்து மூன்று ஆடு. நாற்பதாவது ஆடு கையை விட்டுத் திமிறி வயலுக்குள் ஓடியது, அதைப் பிடிக்கப் போனேன். தொட்டியைப் பலகை போட்டு மூடிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்து இன்னும் நாலு ஆடு முக்க வேண்டியிருக்கிறதே, மூடி மூடித் திறக்க வேண்டுமா என்று அப்படியே போட்டுவிட்டுப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, நான் எங்கே போய்விட்டு வந்தாலும், வயலில் இருந்து வந்தாலும் சரி, பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்தாலும் சரி, உன் அம்மா முதலில் கேட்பது, பலகையை மூடினீங்களா. அம்மாவின் வணக்கம் என்று அதற்குப் பேர் வைத்தீர்கள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னைத் திட்டியது அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. நானும் ஒவ்வொரு தடவையும் மூடிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை எழுந்து போய்விட்டாள். ஆட்டுக் கொட்டில் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தாள். இதை நான் எழுத மாட்டேன், அண்ணன் செத்துப்போயிடுவான் என்றாள். நீ எழுதாவிட்டால் தபால்காரனைக் கூப்பிட்டு எழுதச் சொல்வேன், அவன் பொட்டலம் கட்டுவது போல ஊருக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தை உன் அண்ணனுக்கு அனுப்புவான் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும், நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

தொட்டியில் இருந்து எடுத்தவனை மேற்கு வேலி ஓரத்தில் புதைத்தோம். முட்டைக்கோசுப் பாத்திக்கு அப்பால் ஒரு கட்டில் அகலத்துக்கு ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறோமே, ஏன் என்று கேட்டதற்குக் கல் பூமி என்று சொன்னேன், அங்கே கல் இல்லை. உன் அம்மா உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் கிடந்தாள். பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. அந்த மஞ்சள் சட்டை, அவன் முந்தின நாள் போட்டிருந்தது, அதை மூக்கில் வைத்துக்கொண்டே கிடந்தாள். அந்த வாரம் கீழ் வயலில் கிழங்கு தோண்ட வெளியில் இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி, காய்ச்சலில் நம் வைக்கோல் கொட்டகையிலேயே போய்விட்டாள். மனிதர் என்று அவளுக்கு யாரும் இல்லை. எந்த ஊர் என்று ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரியைக் கேட்டேன், கூலிக்கு வர்றவளுக்கு ஊரைக் கேட்டுக்கிட்டா வேலைக்கு வைப்பாங்க என்றார். வலது கையில் ஒரு விரல் குறைவு, மற்றவர்கள் இரண்டு கூடை தோண்டுவதற்குள் மூன்று கூடை தோண்டுவாள், எனக்குத் தெரிந்தது அவ்வளவு. பிள்ளை ஒன்பது மாதம், எலும்பும் தோலும், அழக்கூடத் தெம்பு இல்லாமல் பூனை மாதிரிக் கத்திக்கொண்டு கிடந்தது. அது நீ. நான் எடுத்துக்கறேன் என்றேன். எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு ஒரு வாய் குறையும் என்றார். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் கொடுக்கவில்லை, ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினாலே ஒரு பேச்சு வார்த்தை இருக்கும்.

உன்னை அப்படியே கொண்டுபோய் அவள் பக்கத்தில் விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். இது என்னோடது இல்லை, யாரோடதோ, தூக்கிட்டுப் போ என்று காலால் தள்ளினாள். உன்னைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஆட்டுப் பாலைத் துணியில் நனைத்து வைத்தேன், கக்கிவிட்டாய். இன்னும் ஒரு நாள் தாங்க மாட்டாய் என்று தெரிந்தது. எனக்கு எழுத்து தெரியாது, மருந்து தெரியாது, மனிதர்களிடம் நல்ல வார்த்தை பேசத் தெரியாது. தெரிந்தது ஆடு. மத்தியானம் அவள் அசந்த நேரம் பார்த்து அந்தச் சட்டையை அவள் கையில் இருந்து உருவினேன். துவைக்கவில்லை. உனக்குப் போட்டேன், உன்னை மாதிரி இரண்டு பேர் நுழையலாம், கையை மடித்துவிட்டேன். பிடித்து இழுத்ததில் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது, அதுதான் இன்றைக்கும் இல்லை. கொண்டுபோய் அவள் மூக்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். முட்டினால் தூக்கிவிடலாம் என்று நின்றேன்.

ஆடு ஏமாறும், உன் அம்மா ஏமாறவில்லை. மோந்தாள், கண்ணைத் திறந்தாள், சட்டையைத் தொட்டாள், மடித்த கையைத் தொட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்கு முழுக்கத் தெரிந்தது. எத்தனை ஆட்டுக்குத் தோலைப் பிடித்துக் கொடுத்தவள். அந்தப் பார்வைக்கு ஒரு பேர் வைக்க இத்தனை வருடமாக முயற்சி செய்கிறேன், வரவில்லை. வெள்ளை நெற்றிப் பசு லாரியில் ஏறிவிட்டுப் பார்த்தது அதில் கால்வாசி இருக்கும். பிறகு உன்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நீ குடித்த சத்தம் கதவு வரைக்கும் கேட்டது. மூன்று நாளில் கழற்றிவிடுவாள் என்று காத்திருந்தேன், அவள் கழற்றவில்லை. நீ வளர்ந்து கை நுழையாமல் போகிற வரைக்கும் அதையே போட்டாள், அவன் பேரையே கூப்பிட்டாள், என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேர், மேஸ்திரியும் அப்போது அவள் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வந்த மருந்துக் கடைக்காரரும் செத்துவிட்டார்கள். இப்போது அவளும் எல்லாவற்றையும் மறந்து மறந்து, மறக்காத அந்த ஒன்பது நாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நீ அதற்குப் பிறகு வந்தவன், அங்கே நீ இல்லை.

அதனால் கேள். நீ வந்து வாசலில் நின்று அம்மா என்றால் அவள் உன் முகத்துக்கு நேராக, இது என்னோடது இல்லை என்பாள். பையன் முன்னால் சொல்வாள், மருமகள் முன்னால் சொல்வாள். அதற்குப் பயந்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அழ வேண்டும் என்றால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வா, இங்கே வந்து அழுதால் அவளும் சேர்ந்து அழுவாள், யாருக்கு என்று தெரியாமல் அழுவாள். இவ்வளவு நாள் சொல்லாமல் இப்போது எதற்குச் சொல்கிறான் கிழவன் என்று கேட்பாய். நீ எதுவும் தெரியாமல் வந்து அவளிடம் முட்டு வாங்குவதை நான் கதவோரம் நின்று பார்க்க முடியாது, அதற்குத்தான். வருவதாக இருந்தால் அவளைப் பார்க்க என்று வராதே, வேலைக்கு வா. ஈன வேண்டிய ஆடு இன்னும் ஒன்பது இருக்கிறது, என் கை நடுங்குகிறது, இவள் கையில் சோப்பு இருக்கிறது. மிஞ்சிய கிழங்கையும் தோண்டியாக வேண்டும், மூன்று கூடைக்காரி பெற்ற கை, உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேச மாட்டேன், நீயும் கேட்காதே. என் ஆடு எது, அடுத்தவன் ஆடு எது என்று இருட்டில் தொட்டுச் சொல்வேன், ஒரு நாளும் தவறியதில்லை. உன்னை வைக்கோலில் இருந்து தூக்கினபோது உன் மேல் எந்தச் சட்டையும் இல்லை. எனக்கு யாரும் தோல் போர்த்திக் காட்டவில்லை.

இவள் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினாள், இரண்டு இடத்தில் விட்டிருந்தாள், பிடித்துச் சேர்க்கச் சொன்னேன். கைநாட்டுக்குக் கீழே அவள் தன் பங்குக்கு ஏதாவது எழுதினால் அது எனக்குத் தெரியாது, அது உங்கள் இரண்டு பேருக்குள். மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், உடம்பும் கையும் காலும் கெட்டியாக இருந்து நீண்ட நாள் உழைத்துச் சாப்பிடுங்கள். வரும்போது பல்லில்லாதவன் கடிக்கிற மாதிரி ஏதாவது வாங்கி வா. பேரனைப் பண்ணைக்குள் எங்கே வேண்டுமானாலும் ஓட விடலாம். ஆடுகளை இனிமேல் வாளியில் மருந்து கலந்து துடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று தொட்டியில் இருந்ததை இறைத்துவிட்டு, மேலே பலகை போட்டு, சுற்றிலும் இருபத்திரண்டு ஆணி அடித்திருக்கிறேன். நடுங்குகிற கையால் நானே அடித்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்று கடைசி ஆணி வரைக்கும் பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததும், பலகையை மூடினீங்களா என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)